முதல் வாரத்தில் சர்க்கரை ஏறினால் முதலில் டாப்ளர் ஸ்கேன்

கணைய மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் சர்க்கரை ஏறினாலே நிராகரிப்பு, அதாவது புதுக் கணையத்தை உடல் ஏற்க மறுப்பது, என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் வாரத்தில் அப்படி முடிவு கட்டக் கூடாது. 120-இல் நின்றது சில மணி நேரத்தில் 250-ஐத் தாண்டி, கணையம் வைத்த இடமும் வலித்தால் முதல் சந்தேகம் சிரையில் ரத்தக்கட்டு. கணையத்தில் ரத்த ஓட்டம் இயல்பிலேயே மெதுவானது. அந்தக் கணையத்தோடு வரும், வெட்டிக் கட்டிய மண்ணீரல் சிரையின் முனையில் ரத்தம் தேங்கி உறையும். உடனே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர், சந்தேகமிருந்தால் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ. பாதி அடைப்புக்குப் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி சோதனையைப் பார்த்துப் பார்த்து; மருந்து மிஞ்சினால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். முழு அடைப்பென்றால் ஆபரேஷன் தியேட்டர்தான், பல நேரம் கணையத்தையே எடுக்க வேண்டிவரும். கூடவே வைத்த கிட்னி நன்றாக ஓடுகிறதே என்று ஏமாறக் கூடாது.

கட்டுரை தொடாத விஷயம், புதுக் கணையத்துக்கு ரத்தம் தரும் தமனிக்கும் குடலுக்கும் இடையே விழும் ஓட்டை. வருடங்கள் கழித்தும் வரும், செயலிழந்த கணையத்தை உள்ளேயே விட்டிருந்தாலும் வரும். மலத்தில் கொஞ்சம் ரத்தம் போய்த் தானாக நிற்கும். அடுத்தது வெள்ளமாக வரலாம். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருப்பவர் 'மூலம்தான்' என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல், 108-ஐக் கூப்பிட்டு வேலூருக்கு வந்துவிட வேண்டும். சாதாரண எண்டோஸ்கோபி, கணையத்தைக் குடலோடு இணைத்த இடம் வரை பெரும்பாலும் எட்டாது. சிடி ஆஞ்சியோவில் தெரிந்தால் தொடை வழியே, இடுப்பிலுள்ள இலியாக் தமனியில், ஓட்டையை அடைக்கும் உறையிட்ட ஸ்டென்ட் குழாய், பிறகு கணையத்தை அகற்றுதல். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். தமனியை எங்கே இணைத்தார்கள் என்ற அந்த ஒரு வரியைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.