எட்டு மணி நேரமாம், எட்டு மணி நேரம்!

இட்லி மாவைப் பற்றி வாய் திறக்கிற எல்லோரும் அது பொங்க எட்டு மணி நேரம் என்கிறார்கள். கொஞ்சம் தாராள மனம் உள்ளவர்கள் எட்டிலிருந்து பன்னிரண்டு என்கிறார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை டிகிரியில் என்று ஒருவராவது சொல்கிறார்களா? மார்கழியில் ஏற்காட்டுக்கு வந்து ஓர் இரவு மாவைக் கரைத்து வைத்துப் பாருங்கள். காலையில் மூடியைத் திறந்தால், இரவு எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில், ஒரு குமிழிகூட இல்லாமல் அப்படியே கிடக்கும். மதியமும் அப்படியே. மாலையில் லேசாக ஒரு புளித்த வாசம் வரும். அதை நம்பி ஊற்றினால் தட்டிலிருந்து எடுக்கும்போது இட்லி தட்டையாக, ஈரக் களிமண்ணாக வரும்.

கீழே சேலத்தில் இருப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஒரு மணி நேரத்தில் வந்துவிட முடிகிறது என்பதால் இரண்டும் ஒரே ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அம்மாபேட்டையில் இருக்கும் என் நாத்தனாருக்கு மாவு பொங்கி வழிந்து சமையல் மேடை நாறுகிறதே என்பதுதான் கவலை. நான் அதே செவ்வாய்ப்பேட்டை உளுந்தை, அதே இட்லி அரிசியை, அதே நாலுக்கு ஒன்று கணக்கில் அரைக்கிறேன். எனக்கு மாவு அசைவதில்லை. "அண்ணி, உங்களுக்கு மாவு கரைக்கக் கைராசி இல்லை" என்கிறாள். இதைச் சொல்லவென்றே தொலைபேசியில் கூப்பிடுகிறாள்.

கைராசியாம்! மாவைப் பொங்க வைப்பது என் ராசியா? உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வருகிற லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அது. மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. அரைத்த உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான் விஷயம். 28, 30 டிகிரி சூடு கிடைத்தால் ஓர் இரவில் வேலையை முடித்துவிடும். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் சமையலறைக்குள்ளேயே சுவெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறோம். நம் கை விரலே மடங்காத குளிரில் கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர் மட்டும் எட்டு மணி நேரத்தில் வேலையை முடிக்க வேண்டுமாம்.

இதற்குமேல் யோசனைகள் வேறு. சென்னைக்காரர்களின் குறிப்புகளில், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கிரைண்டர் சூட்டில் மாவு கெட்டுவிடும் என்று இருக்கும். ஐயா, எங்கள் குழாயில் விடியற்காலையில் வருவதே ஐஸ் தண்ணீர்தான். கிரைண்டர் கொஞ்சம் சூடேறினால் நான் அதற்குக் கற்பூரம் காட்டுவேன். ஆப்பச்சோடா போடு என்பவர்கள் அடுத்தவர்கள். போட்டால் உப்பும், மறுப்பதற்கில்லை. கூடவே சோப்பு வாடையும் வரும், சட்னியே அதைக் காப்பாற்றாது. கடையில் ஈஸ்ட் வாங்கிப் போடச் சொல்கிறவர்களுக்கு ரொட்டி வாசனையில் இட்லி வேண்டும் போலிருக்கிறது, சாப்பிடட்டும். பல்பு எரியும் பெட்டிக்குள் வை என்பதும் பழைய யோசனைதான், நல்ல யோசனைதான், ஆனால் எந்தக் காலத்துப் பல்பு? இழை பல்பு சுட்டது. இப்போது வீட்டில் இருப்பதெல்லாம் எல்.இ.டி. அது மாவுக்கு வெளிச்சம் காட்டும், சூடு தராது. இருட்டில் பயப்படாமல் இருக்கட்டும் என்று வேண்டுமானால் வைக்கலாம்.

என் அக்கா மகன் மியூனிக்கில் இருக்கிறான். வீட்டிலேயே கோதுமை பீர் காய்ச்சுகிறான். போன வாரம் கூப்பிட்டு ஒரே புலம்பல். "சித்தி, ஈஸ்ட் போட்டு ஒரு நாள் முழுக்க ஆகிவிட்டது, குமிழியே வரவில்லை, நொதிப்பு நின்றுவிட்டது போலிருக்கிறது." அறையில் என்ன சூடு என்று கேட்டேன். 18 டிகிரி என்றான். 18! அவனுடைய கோதுமை பீர் ஈஸ்ட்டுக்கு 18-உம் 20-உம் சுகமான வெப்பம். கொஞ்சம் குளிர்ச்சியாக வைத்தால் கிராம்பு வாசனை தூக்கலாக வருமாம், சற்றுச் சூடாக வைத்தால் வாழைப்பழ வாசனையாம். வாசனையைக்கூட டிகிரிக் கணக்கில் பேசுகிறார்கள்! குமிழி வரவில்லை என்றால் நொதிக்கவில்லை என்று பொருளில்லை, மூடி சரியாக இறுகாமல் வாயு வேறு வழியாகப் போயிருக்கலாம், சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அடர்த்திமானியைப் போட்டுப் பார், இரண்டு மூன்று நாள் ஒரே அளவில் நின்றால்தான் முடிந்தது, நாள் கணக்கை நம்பாதே. இவ்வளவும் அவனுடைய கையேட்டில் இருக்கிறது. அவனே படித்துக் காட்டினான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? அவர்கள் குடிக்கிற ஒரு குவளைக்கு வெப்பமானி, அடர்த்திமானி, ஈஸ்ட் பொட்டலத்திலேயே இத்தனை டிகிரியிலிருந்து இத்தனை டிகிரி வரை என்ற அச்சு. கோடிக்கணக்கான வீடுகளில் அன்றாடம் வேகிற இட்லிக்கு "இரவு முழுவதும் வைக்கவும்." எந்த இரவு? சித்திரை இரவா, மார்கழி இரவா? மாங்காய் போட்டால் வெதும்பிப் போகிற சேலத்து இரவா, இங்கே ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பிச் செடிமேல் பனி கொட்டுகிற இரவா? உளுந்துப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் செய்முறை அச்சடிக்கிறார்களே, அதில் டிகிரி என்று ஓர் எண்ணைச் சேர்த்தால் மை தீர்ந்துவிடுமா?

வீட்டோடு போகிற வயிற்றெரிச்சல் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். டிசம்பர் விடுமுறைக்குக் குளிரை அனுபவிக்க வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் காலை ஏழரைக்கு மல்லிகைப்பூ மாதிரி இட்லி வேண்டும். குளிரும் வேண்டும், குளிர் பிடிக்காத இட்லியும் வேண்டும். உப்புமா என்றால் முகம் சுருங்குகிறது. "எங்கள் வீட்டில் எல்லாம் இப்படி ஆகாது" என்று ஓர் அம்மாள், பஞ்சு வைத்த சால்வையை இழுத்துப் போர்த்தியபடி சொன்னார். அவர் வீடு திருச்சியில்.

என்ன செய்தால் வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். முந்தைய மாவில் ஒரு கரண்டி சேர்க்க வேண்டும். அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுக் குண்டானை இறக்கி, கம்பளியைச் சுற்றி, நடுராத்திரியில் எழுந்து தண்ணீரை மாற்ற வேண்டும். கைக்குழந்தைக்குக்கூட இந்த வயதில் நான் எழுந்திருக்க மாட்டேன். மழையோடு மின்சாரமும் போய், அடுப்பில் வெந்நீர் வைக்க எரிவாயுவும் தீர்ந்த அன்றைக்கு என்னிடம் எட்டு மணி நேரக் கணக்கைச் சொல்லாதீர்கள்.

தை முடியும் வரை எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு உப்புமா அல்லது கேழ்வரகு அடை. அறைக்கு முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன். இட்லிதான் வேண்டும் என்பவர்கள் கீழே சேலத்தில் அஸ்தம்பட்டியிலேயே சாப்பிட்டுவிட்டு மலை ஏறட்டும்.