முதல் தவணை வருவதற்குள்

எங்கள் நிறுவனத்துக்கு அரசு ஆராய்ச்சி மானியம் ஒப்புதலான நாளில் மூன்று பேர் இருந்தோம். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த நாளில் இரண்டு பேர். இடையில் 11 மாதங்கள் ஓடிவிட்டன. மின்சுற்றுப் பலகையை வடிவமைத்த நண்பர் குடும்பச் செலவுக்கு வழியில்லாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். பாதி சால்டர் செய்த பலகை அவர் மேசையிலேயே கிடந்தது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடையங்களில் இரண்டை அவர் ஏன் மாற்றினார் என்று எங்களுக்குப் புரியவில்லை. குறிப்பேட்டிலும் எழுதவில்லை.

மானியமே வீண் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவு கட்ட வேண்டாம். வேலை செய்யுமா என்றே தெரியாத ஒரு கருவிக்கு வங்கி கடன் தராது, ஈடு கேட்கும். முதலீட்டாளர் பங்கு கேட்பார், எப்போது விற்பனைக்கு வரும் என்றும் கேட்பார். பங்கும் வட்டியும் கேட்காமல், "செய்து பாருங்கள்" என்று சொல்லக்கூடியது பொதுப்பணம் ஒன்றுதான். அதனால்தான் அதன் தாமதம் இவ்வளவு வலிக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு வழி போட்டவர் ரோலண்ட் டிபெட்ஸ். ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையில் 1977-இல் அவர் தொடங்கிய சோதனைத் திட்டம் 1982-இல் நாடு முழுமைக்குமான சட்டமானது. வெளியாரைக் கொண்டு செய்விக்கும் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் அரசுத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தப் பங்கு பின்னாளில் 3.2 சதவீதமாக உயர்ந்தது. கைபேசிச் சில்லுகளுக்குப் பெயர்பெற்ற குவால்காம், சிறு நிறுவனமாக இருந்தபோது இந்தப் பணத்தைப் பெற்றிருக்கிறது. முதல் கட்டத்தில் சிறு தொகை, கருத்து தேறுமா என்று பார்க்க. தேறினால் இரண்டாம் கட்டத்தில் பெருந்தொகை. பல நாடுகள் பிறகு இந்த அமைப்பைப் பின்பற்றின.

எந்தக் கட்டத்துப் பணம் அதிகம் உதவுகிறது? சப்ரினா ஹோவெல் என்ற பொருளியல் ஆய்வாளர் அமெரிக்க எரிசக்தித் துறையின் மானியங்களை எடுத்துக்கொண்டு, மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டார். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 1,50,000 டாலர் முதல் கட்ட மானியம் பெற்றவர்களுக்குப் பிற்பாடு முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. 10 லட்சம் டாலர் இரண்டாம் கட்டத்துக்கு அத்தகைய விளைவு இல்லை. மாதிரிக் கருவி ஒன்றைச் செய்து காட்ட முடிந்ததுதான் காரணம் என்கிறார். எனக்கு அதில் வியப்பே இல்லை. வேலை செய்கிற ஒரு பலகையை மேசைமேல் வைத்துவிட்டால் பேச்சே மாறிவிடும்.

அப்படியானால் அந்தச் சிறு தொகைதானே எல்லாவற்றையும் விட வேகமாக வர வேண்டும்? எங்களிடம் கேட்டது என்ன தெரியுமா? "முதலில் செலவு செய்யுங்கள், பில் காட்டுங்கள், பிறகு தருகிறோம்." கையில் பணமில்லாததால்தானே விண்ணப்பித்தோம்! ஒரு சாதாரண உணர்கருவி வாங்க மூன்று விலைப்புள்ளிகள். அதை விற்பவர்களோ இரண்டே பேர். மூன்றாவது எங்கே கிடைக்கும்? சம்பளத்துக்கு மானியத்தைத் தொடக் கூடாது என்றும் ஒரு விதி. ஆராய்ச்சியை மனிதர்கள்தான் செய்கிறார்கள், கருவிகள் தாமாகச் செய்வதில்லை.

கணக்கு கேட்பதை நான் எதிர்க்கவில்லை. மக்கள் வரிப்பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய ஆய்வகத்துக்கு எழுதிய விதிகளை மூன்று பேர் கொண்ட குழுவின் தலையில் அப்படியே ஏற்றக் கூடாது. முடிவுக்கு ஒரு கெடு வையுங்கள். ஒப்புதல் கடிதத்தோடு முதல் தவணையை அனுப்புங்கள். சோதனை தோற்றால், நேர்மையான அறிக்கையைப் பெற்றுக்கொண்டு கோப்பை முடியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் வந்திருந்தார். பலகையைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே, அந்த இரண்டு மின்தடையங்கள் சூடாகிக்கொண்டிருந்ததால் மாற்றியதாகச் சொன்னார். இரண்டு வாரம் அதைத் தேடிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது வாசலில் நின்று, "இரண்டாம் தவணை வந்தால் சொல்லுங்கள், நான் வந்துவிடுகிறேன்" என்றார். அதற்கான படிவங்களைக் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகின்றன.