2 ரூபாய் சாஷேவுக்கு இவ்வளவு கூத்தா?

முந்தாநாள் போட்ட கண்டிஷனர் போட்டோவுக்குக் கீழே கமெண்ட்ல நடந்த சண்டையைப் பார்த்தவங்களுக்கு முன்கதை வேண்டாம். நான் எழுதினது ரெண்டே வரி. அண்ணாச்சி கடையில 2 ரூபாய் கண்டிஷனர் சாஷே, அந்தச் சின்னப் பாக்கெட், வாங்கிப் போட்டேன், சிக்கு எடுக்க வருது. அவ்வளவுதான். முடி வளரும்னு சொன்னேனா? கொட்டுறது நிக்கும்னு சொன்னேனா? சிக்கு எடுக்க வருதுன்னு சொன்னேன்.

ஒன்றரை வருஷம் முன்னாடி நாத்தனார் கல்யாணத்துக்குப் பார்லர்ல மருந்து போட்டு முடியை நேராக்கற ஸ்மூத்தனிங் பண்ணிக்கிட்டேன். தப்புதான், ஒத்துக்கறேன். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும். வேர்ப்பக்கம் ஒரு சாணுக்கு நல்ல முடி, அதுக்குக் கீழே தேங்காய் நார். தலைக்குக் குளிச்ச அன்னிக்குச் சீப்பு உள்ளே போகாது. போன தீபாவளிக்குப் பெரிய பல் சீப்புலயே ரெண்டு பல் உடைஞ்சுது. உடைஞ்ச பல் முடிக்குள்ளேயே மாட்டிக்கிச்சு, என் பொண்ணு தேடி எடுத்தா.

"வெடிச்ச முடியை எந்தக் கண்டிஷனரும் ஒட்டாது சிஸ்டர்"னு ஒரு அண்ணன் பாடம் எடுத்திருந்தார். ஒட்டாதுதான் அண்ணா. தோலுக்கு வெளியே வந்த முடி செத்த பொருள், தானா ஆறாது. 2 ரூபாய்க்கும் ஒட்டாது, 800 ரூபாய்க்கும் ஒட்டாது. அடிபட்ட முடியில நெகட்டிவ் சார்ஜ் கூடுதல், கண்டிஷனர்ல இருக்கற பாசிட்டிவ் சார்ஜ் சமாச்சாரம் அதுல போய்ப் படிஞ்சுக்கும், முடி வழுக்கும். வேலை அவ்வளவுதான். சாஷேவுக்குப் பின்னாடி பொடி எழுத்தைப் படிச்சேன்: சீட்டியரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெத்திகோன். என் தங்கச்சியோட 800 ரூபாய் டப்பாவிலயும் இதே மூணு பேர். வாசனை மட்டும் வேற.

அந்த டைமெத்திகோன் ஒரு சிலிகான், அது மண்டையில படியுமாம்னு இன்னொரு கமெண்ட். மண்டையில யாரு போடச் சொன்னா? காதுக்குக் கீழே போட்டு ரெண்டு நிமிஷத்துல அலசிடறேன்.

"சாஷேவா? ச்சீ, சீப்"னு ஒரு அக்கா. சாஷே ஷாம்பூவைத் தெருத்தெருவா கொண்டுபோனதே நம்ம கடலூர் சின்னிகிருஷ்ணன் குடும்பம்தான் அக்கா, வெல்வெட், சிக் ஷாம்பூக்காரங்க. முழு பாட்டில் வாங்க வக்கில்லாத வீட்டுக்கும் ஷாம்பூ வந்தது அப்படித்தான். எங்க வீடும் அதுல ஒண்ணு. அம்மா ஒரு சாஷேவைக் கத்திரியால ஓரம் வெட்டி எனக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி ஊத்துவாங்க. மிச்சம் ஒட்டியிருக்கறதைத் தண்ணி விட்டுக் கலக்கித் தன் தலைக்கு. சீப்தான். நாங்களும் சீப்தான்.

காசு வாங்கிட்டு எழுதினேனாம். 2 ரூபாய் சாஷேக்காரன் எனக்கு என்னத்தைத் தருவான், மூணு ரூபாயா?

அப்புறம், சீயக்காய்தான் போடணும்னு வந்த கூட்டம். தேங்காய் எண்ணெய் முடியில இருந்து புரதம் போறதைக் குறைக்குதுன்னு 2003லயே ஆராய்ச்சி வந்திருக்கு, நானும் குளிக்கறதுக்கு முன்னாடி தடவறேன். பாட்டி வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனா எங்க போர் தண்ணில பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாப் படியும். அதுல சீயக்காய்த் தூளை அலசி அலசிப் பாருங்க, 6:50 பஸ்ஸையும் பிடிங்க, அப்புறம் வந்து பேசுங்க. ஆம்பிளைங்க மூணு பேர் இதுல வகுப்பெடுத்தாங்க. மூணு பேருக்கும் புரொபைல் போட்டோவுல தொப்பி.

சரி, இதெல்லாம் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். "உங்கம்மா ஆசையா வளர்த்த முடியைப் பார்லர்ல கொண்டுபோய் எரிச்சிட்டு இப்ப பதிவு வேற"ன்னு சொந்தத்துல ஒருத்தங்க போட்டாங்களே, அதுதான். போட்டதோட விடாம அம்மாவுக்கும் போன் பண்ணிப் படிச்சுக் காட்டியிருக்காங்க. அம்மா ராத்திரி கூப்பிட்டாங்க. திட்டலை. "நான் அரைச்சுக் குடுத்ததை இனிமே அனுப்பட்டுமா வேண்டாமாடி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

வெந்தயம், பூலாங்கிழங்கு, பச்சைப்பயறு போட்டு மில்லுல நின்னு அரைச்ச தலைக்குத் தேய்க்கற பொடி. முக்கால் டப்பா பிரிட்ஜ் மேலே இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் அதுதான் போடறேன். அதையும் போட்டோ எடுத்துப் போட்டாத்தான் நம்புவீங்களா?