சிஎம்சியைத் தொடங்கியவர் பால் பிராண்ட் இல்லை

"போர்முனையில் ராணுவ டாக்டராக இருந்த பால் பிராண்ட்தான் வேலூர் சிஎம்சியைத் தொடங்கினார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், இத்தனை பேர் அதற்கு ஆமாம் போட்டிருக்கிறீர்கள், ஆனால் இரண்டுமே தவறு. சிஎம்சி, அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அமெரிக்கப் பெண் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தது. அறுவை சிகிச்சை டாக்டரான பிராண்ட் அங்கே வந்தது 1946இல். போர்க்காலத்தில் அவர் லண்டனில் இருந்தார், ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக் காயம்பட்டு வந்த மக்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம், பிறந்தது நம் கொல்லிமலையில், 1914இல்.

அவர் நிஜமாகச் செய்ததைச் சொல்லுங்கள், அதுதான் பெரிது. தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகி விரல் விழுந்துவிடும் என்று டாக்டர்களே பலர் நம்பிய காலம் அது. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால், சூடு பட்டாலும் வெட்டுப் பட்டாலும் தெரியாமல், காயத்தின் மேல் காயமாகி, அதில் சீழ் பிடித்துத்தான் விரல் போகிறது என்று எடுத்துக்காட்டியவர் அவர். மடங்கிப்போன கைகளில், நன்றாக இயங்கும் தசைநாரை எடுத்து இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை மறுபடி நீட்ட வைத்தார். சோறு பிசைந்து சாப்பிடக்கூட முடியாதிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

பதிவில் ஐடா ஸ்கடர் பெயரைப் போட்டுத் திருத்திவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகளும் இதைப் பகிர்கிறார்கள்.