ராத்திரி தண்ணி கட்டினவரை காலையில் மெஷினில் நிறுத்தாதீர்கள்

வயல் வேலையில் ஒருவருக்கு அடிபட்டால், ‘பார்த்துச் செய்யக் கூடாதா?’ என்று அவரையே கேட்கிறோம். முந்தின ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், மாலூர், ஹொஸ்கோட்டே பக்கத் தோட்டங்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வந்த நம் ஆட்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். பம்புசெட்டுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி முறையில் வந்தால், நடுச்சாமத்தில் எழுந்து மோட்டார் போட்டு, மடை திருப்பியாக வேண்டும். பூந்தோட்டம் என்றால் கே.ஆர். மார்க்கெட்டுக்கு விடியும் முன்பே பூ போய்ச் சேர வேண்டும்; அதற்காக இருட்டிலேயே பறிக்கிறார்கள். அப்புறம் காலையில் வழக்கம்போல டிராக்டர், மருந்தடிப்பு.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 0.03 தான். அதிகாலை 4 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 9 மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். அதற்கு மேல்தான் அவர் மோட்டார் போடக் கிளம்புகிறார்! தூக்கக் கலக்கம் மிஞ்சினால் கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை அணைந்துவிடும். டிராக்டரில் பூட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் கத்திகளுக்கு அந்தச் சில நொடிகள் போதும். இருட்டில் வரப்பில் கிடக்கும் கண்ணாடிவிரியனை மிதிக்கவும் போதும்.

2024-ல் கர்நாடக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் ராத்திரி இருட்டில் வயலுக்குப் போகும் தேவையையே குறைக்கலாமே? இதே மாநிலத்தில் பாவகடாவில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. வெயிலில் கிடைக்கும் கரண்டை வெயில் நேரத்திலேயே வயலுக்குக் கொடுக்க வேண்டும். விவசாயிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அதுவரை? ஆனேக்கல் பக்கம் குத்தகைக்கு நிலம் வைத்திருக்கும் என் சித்தப்பாவை, ராத்திரி முறை வரும் வாரங்களில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷின் பக்கமே சித்தி விடுவதில்லை. யாரும் சொல்லித் தராமல் சித்தி தானாகவே போட்ட விதி. ஆள் வைத்து வேலை வாங்குகிற எல்லோரும் இதைச் செய்யலாம். ராத்திரி தண்ணி கட்டினவர் மறுநாள் தாமதமாக வரட்டும். மெஷினும் மருந்தடிப்பும் தூங்கி எழுந்த ஆளுக்குப் போகட்டும். அதற்காகக் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள். கூலி குறையும் என்றால் தூங்காமலேயே வந்து நிற்பார்.