பட்டனை அழுத்தினால் உடனே குதிக்க வேண்டாமா?

மூன்று வருடம் காத்திருந்த கேம். பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி டவுன்லோடு முடிந்து ஆசையாக உட்கார்ந்தால், பத்தே நிமிடத்தில் மனசு விட்டுப்போய்விட்டது.

குதிக்கும் பட்டனை அழுத்துகிறேன். நாயகி முதலில் முழங்காலை மடக்குகிறாள், தோளைப் பின்னுக்கு இழுக்கிறாள், அப்புறம்தான் எழும்புகிறாள். அதற்குள் விளிம்பு தாண்டிப் பள்ளத்தில் விழுந்தாயிற்று. தாமதத்தைக் குறைக்க டிவியில் கேம் மோடு போட்டுப் பார்த்தேன், கண்ட்ரோலரை வயரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அசைவு அழகாகத் தெரிய வேண்டுமென்று ஆடுகிறவனின் கையைக் காக்க வைத்திருக்கிறார்கள்.

ஓடவும் உருளவும் ஒரே பட்டன் வேறு. தட்டினால் உருளல், அழுத்திப் பிடித்தால் ஓட்டம். சண்டைக்கு நடுவே யார் அளந்து அழுத்துவது? சரி, மாற்றிக்கொள்ளலாமென்று செட்டிங்ஸுக்குப் போனால் அந்த வசதியே இல்லை. ஒரு கையால் ஆடுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

2018-இல் வந்த செலஸ்ட் என்ற கேம் ஒரு சின்னக் குழு செய்தது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருந்தாலும், சில ஃப்ரேம்களுக்குள் (திரையில் நொடிக்கு 60 முறை மாறும் படம்தான் ஃப்ரேம்) அழுத்தினால் குதிக்க விடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் ஞாபகம் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கும். நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரத்தைக்கூட யோசித்துச் செய்த வேலை அது.

இங்கே புல் நுனியில் பனித்துளி மின்னுகிறது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. தூரத்தில் தெரியும் அந்த மலைக்கோட்டைக்குள் போய்ப் பார்க்க எவ்வளவு ஆசை தெரியுமா? வாசலுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தையே இன்னும் தாண்ட முடியவில்லை.