அது பேய் பங்களா இல்லை தம்பி, மருந்துக் கடை

நேற்றிலிருந்து பதினோரு பேர் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். சென்னை மவுன்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைக் காட்டி, நாய் ஊளையிடும் சத்தமும் சேர்த்து, 'பேய் பங்களா' என்கிறார் தம்பி. லைக் கொட்டுகிறது. நல்லா இருக்கட்டும்.

அது கடை. டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரியின் கம்பெனிக்காக 1897-ல் கட்டியது. பிறகு பாரத் இன்சூரன்ஸ், அப்புறம் எல்ஐசி. 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது, 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் சுவரில் செடி முளைத்ததே, அது பேய் வைத்த செடியா?

"ஜாலிக்குப் போட்டதுக்கு ஏன் சார் இவ்வளவு டென்ஷன்?" சொல்கிறேன். என் அப்பா அதே ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் (பெயர் வேண்டாம்) முப்பத்தொரு வருஷம் நின்றார். 'வேலை பார்த்தார்' என்று எழுதவில்லை, நின்றார். உட்கார ஸ்டூல் கிடையாது. ராத்திரி அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பாள். எண்பதுகளில் அந்த ரோட்டு ஸ்பென்சர் கடை எரிந்தபோது அவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அவர் கடைகூட இல்லை அது. கடைசியில் அவர் கடையையும் விற்றார்கள். ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. கட்டடம் இப்போது இல்லை. அதற்கு யாரும் வீடியோ போடவில்லை.

"வெள்ளைக்காரன் கடைக்கு அழுகிறாயா?" வரும், இந்தக் கேள்வி வந்தே தீரும். அதே ரோட்டில் வைட்அவே லெய்ட்லா என்ற வெள்ளைக்காரக் கம்பெனி வியாபாரம் செய்த விக்டரி ஹவுஸ் தெரியுமா? அவர்கள் போன பிறகு அங்கே வந்தது சுதேசமித்திரன். ஆமாம், சுதேசி பத்திரிகைதான். அப்புறம் விஜிபி. எங்கள் வீட்டு முதல் டேபிள் ஃபேன் அங்கே தவணையில் வாங்கியது. வெள்ளைக்காரன் வீட்டுக்கா காற்று வீசியது?

"பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடிகாரக் கடையின் பின்பக்கத்தை இடிக்காமல் மெட்ரோ எப்படி வந்திருக்கும்?" மெட்ரோவில் நானும்தான் போகிறேன். அடுத்த கேள்வி.

1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், 1904-ல் கட்டின அதே கட்டடத்தில் இன்னும் புத்தகம் விற்கிறது. அதை ஏன் யாரும் பேய் பங்களா என்பதில்லை? காலையில் ஷட்டரைத் தூக்க ஆள் வருகிறார், அவ்வளவுதான். கடைக் கட்டடத்தைப் பூட்டிப் போட்டால் அது பங்களாவாகவும் தெரியும், பேயும் வரும். கோயிலுக்கும் கோட்டைக்கும் வரலாறு எழுதுவீர்கள். கடைக்கு மட்டும் ஊளைச் சத்தமா? முப்பத்தொரு வருஷம் நின்றவனுக்கு ஒரு வரி கூடவா கிடையாது?

சரி, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். எரிச்சல்தான்.

காலையில் வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். பேயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஓரத்துல தெரியுதே, அந்தக் கடை இன்னும் இருக்காடா?" என்றார். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதற்குள் தம்பி கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பிவிட்டார்.